படத்துக்குக் கீழே ஆண்டு போடும் முன் தோளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினத்தையொட்டி வந்த ஞாயிறு இணைப்பில் டெல்டா வாசகர்கள் அனுப்பிய பழைய பட்டாளத்துப் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம், பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அரைப்பக்கத்துக்குப் பெரிதாகப் போட்ட முதல் படத்துக்குக் கீழே "நேதாஜி படையில், பர்மா, 1943" என்று எழுதியிருந்தீர்களே, அது நேதாஜி படையும் இல்லை, 1943-உம் இல்லை. படத்தில் இருப்பவர் பட்டாளத்துக்காரர்தான், அதில் சந்தேகமே வேண்டாம், உட்கார்ந்திருக்கிற தோரணையே சொல்கிறது. ஆண்டும் படையும்தான் தப்பு.

அவர் தோளைப் பாருங்கள். ஒரு நட்சத்திரம், கூடவே தோள்பட்டைக்குக் குறுக்கே ஒரு சின்ன நாடா. தொப்பிச் சின்னத்தின் உச்சியில் சிங்கங்கள். அசோகச் சிங்கம் நம் நாட்டின் சின்னமானது 26 ஜனவரி 1950 அன்று, அதற்கு அப்புறம்தான் படைச் சின்னங்களில் கிரீடம் இருந்த இடத்தில் சிங்கம் ஏறி உட்கார்ந்தது. ஆகவே அந்தப் படம் 1950-க்கு முன்னால் எடுத்ததாக இருக்க வழியே இல்லை. நட்சத்திரமும் நாடாவும் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிக்கு உரியவை. படம் 1965-க்கு முன்னால் எடுத்தது என்றால் அவர் ஜெமேதார், அந்த ஆண்டு பதவியின் பெயரை மாற்றிவிட்டார்கள், அதற்கு அப்புறம் என்றால் நாயிப் சுபேதார். அப்படியானால் முன்னே நேதாஜி படையில் இருந்துவிட்டு அப்புறம் இந்திய ராணுவத்தில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் படைக்காரர்களைச் சுதந்திரத்துக்குப் பிறகும் ராணுவத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அது ஊரறிந்த பழைய மனக்குறை. அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் சொல்லிச் சொல்லி வந்த கதையை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் நீங்கள் ஒரு தடவை தோளைப் பார்த்திருக்கலாம்.

இதைச் சொல்ல நீ யார் என்றால், கும்பகோணத்தில் யூனிஃபார்ம் தைத்தவன். போலீஸ், ரயில்வே, என்.சி.சி., கோர்ட் டவாலி, பஸ் கண்டக்டர் என்று காக்கியும் வெள்ளை ட்ரில்லும் வெட்டியே கை காய்த்தது. இப்போது கடையை மகன் பார்க்கிறான், பள்ளிக்கூட யூனிஃபார்மும் செக்யூரிட்டி சட்டையுமாக ஓடுகிறது. பரணிலிருந்து தாத்தா சட்டையை இறக்கிக்கொண்டு வந்து "மாஸ்டர், இது எந்தக் காலத்துது" என்று கேட்பவர்கள் மட்டும் இன்னும் என்னைத் தேடி வருகிறார்கள்.

முதலில் கிரீடம். வெள்ளைக்காரன் காலத்துச் சின்னம் என்றால் எல்லாம் ஒரே கிரீடம் என்று நினைக்கிறார்கள். விக்டோரியா ராணி காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் உச்சியில் லேசாக அமுங்கி, இரண்டு பக்கமும் தோள் இறங்கியிருக்கும். 1901-ல் அவர் போய் ராஜாக்கள் வந்ததும் வளைவை மாற்றிவிட்டார்கள், நடுவில் பள்ளமே இல்லாமல் விரித்த குடை மாதிரி உருண்டு நிற்கும். ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று எல்லார் காலத்துக்கும் இந்த உருண்டைக் கிரீடம்தான், அதனால் அதை மட்டும் வைத்து 1901-க்கும் 1950-க்கும் நடுவில் என்று சொல்லலாமே தவிர அதற்கு மேல் நெருங்க முடியாது. ஜி.ஆர்.ஐ. என்று எழுத்து இருந்தால் ஜார்ஜ் ராஜா, 1910-க்கு இந்தப் பக்கம். நடுவில் நன்றாகப் பள்ளம் விழுந்த கிரீடம் எலிசபெத் ராணியுடையது. அவர் பட்டத்துக்கு வந்தது 1952-ல், அப்போது நாம் குடியரசாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஆகவே அந்தக் கிரீடம் எந்த நாளிலும் இந்தியச் சிப்பாயின் தொப்பியில் இருந்திருக்காது. ஆனால் ஆன்லைனில் "பிரிட்டிஷ் இந்தியா" என்று போட்டு அதைத்தான் நிறைய விற்கிறார்கள், பேரன் போனில் காட்டினான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியியல் படைக்கு விக்டோரியா ராணியின் பெயர் கௌரவப் பட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது, ராணி போய்ப் பல வருஷம் ஆன பிறகும் இரண்டாம் உலகப்போர் வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார்கள். நம் ஜில்லாக்காரர்கள் அந்தப் படையில் இருந்திருக்கிறார்கள். சின்னத்தில் விக்டோரியா பெயரைப் பார்த்ததும் "எங்கள் கொள்ளுத்தாத்தா 1880-லேயே" என்று ஆரம்பிப்பவர்களிடம் கிரீடத்தின் வளைவைப் பார்க்கச் சொல்வேன். பெயர் பழசாக இருக்கலாம், வார்ப்பு புதுசாக இருக்கும்.

அதேபோல மெட்ராஸ் ரெஜிமென்ட். 1803-ல் நடந்த அசாயே சண்டையின் நினைவாக யானையைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அந்த ரெஜிமென்டை 1920-களில் கலைத்துவிட்டு 1942-ல் போருக்கு ஆள் வேண்டும் என்று மறுபடி எழுப்பினார்கள். அதற்கும் முன்னால் போனால் 1903 முதல் 1922 வரை மதராஸ் பட்டாளங்களுக்கு அறுபதுகளிலிருந்து எண் போட்டுப் பெயர் இருந்தது, கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி எழுபத்து மூன்று, எழுபத்து ஒன்பது, எண்பத்து ஆறு என்று. தோளில் பித்தளையில் அப்படி ஒரு எண் இருந்தால் அது முதல் உலகப்போரையொட்டிய காலம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். விமானப்படை இன்னும் சுலபம், "ராயல்" என்கிற பட்டம் இந்திய விமானப்படைக்கு 1945 மார்ச்சில் கிடைத்தது, 1950-ல் போய்விட்டது, அந்த எழுத்து இருந்தால் ஐந்து வருஷத்துக்குள் ஆண்டு அடங்கிவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: சின்னத்தை மட்டும் நம்பக் கூடாது. சின்னத்தைக் கழற்றி மாட்டலாம். அதுவும் அந்தக் காலத்துக் காக்கி ட்ரில் கோட்டில் பித்தானே தைக்கப்பட்டிருக்காது. துணியில் காஜா மாதிரி ஒரு சின்ன ஓட்டை, பித்தானின் கொக்கி அதற்குள் நுழையும், உள்பக்கம் ஒரு வளையம் போட்டு நிறுத்தியிருப்பார்கள். வாரா வாரம் வண்ணான் கல்லில் அடிபடும் துணியில் பித்தளை இருந்தால் பித்தானும் போகும், துணியும் கிழியும், அதனால் சலவைக்குப் போடும் முன் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். ஆகவே பித்தானை வைத்துச் சட்டைக்கு வயது சொல்வது ஆபத்து. ஒரு சின்னமோ பித்தானோ "இதற்கு முன்னால் இல்லை" என்று சொல்லும், "இதற்குப் பின்னால் இல்லை" என்று சொல்லாது. துணியும் தையலும் அதே காலத்தைச் சொன்னால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு காக்கிக் கோட்டைக் கொண்டுவந்தார். காலரில் இரண்டு பக்கமும் பளபளவென்று யானைச் சின்னம். பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றார். சின்னத்தைத் திருகிக் கழற்றினேன். வெயிலிலும் சலவையிலும் வெளுத்த துணியில் ஒரு சின்னம் பல வருஷம் இருந்தால் அதன் அடியில் துணியின் பழைய நிறம் அப்படியே நிற்க வேண்டும், சின்னத்தின் வடிவத்திலேயே கறுத்து நிற்கும். இதில் யானைக்கு அடியிலும் சுற்றிலும் ஒரே வெளுப்பு. ஆனால் கையைத் திருப்பிப் பார்த்தால் முழங்கைக்கு மேலே, இப்போது எதுவுமே இல்லாத இடத்தில், இரண்டு வி வடிவப் பட்டைகளின் நிழல் ஆழமான காக்கியில் தெளிவாக விழுந்திருந்தது, ஓரத்தில் பிரித்த தையலின் ஊசிப்பொத்தல் வரிசையும் தெரிந்தது. நாயக் பதவி. உள்ளே கழுத்துப் பட்டியில் கறுப்பு மையில் ஒரு அம்புக்குறி, அதற்குக் கீழே இங்கிலீஷ் ஐ எழுத்து, பக்கத்தில் 1942. அந்த அம்பு சர்க்கார் ராணுவச் சொத்து என்கிற முத்திரை, ஐ இருந்தால் இந்தியாவுக்கு உரியது, அதே அம்பைச் சுற்றி சி இருந்தால் கனடா. ஆக கோட்டு அசல், போர்க்காலத்தது, போட்டிருந்தவர் நாயக். யானை மட்டும் பின்னால் யாரோ ஆசைக்கு வாங்கி மாட்டியது. பெரியப்பா எந்தப் படை என்பதை அந்தக் கோட்டு சொல்லவில்லை, சொல்லாததை நானும் சொல்லவில்லை. வந்தவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் வெட்டு. முதல் உலகப்போரில் கடல் தாண்டிப் போன நம் சிப்பாய்கள் பலர் போட்டிருந்தது கிட்டத்தட்ட முழங்கால் வரை தொங்கும் காக்கி குர்தா, கீழே கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிய பட்டி, மார்பில் குறுக்கே தோட்டா வைக்கும் தோல் பட்டை. இரண்டாம் போருக்கு வரும்போது குர்தா போய்விட்டது, கால்பட்டி கணுக்காலோடு நின்றது அல்லது கேன்வாஸ் பட்டையாக மாறியது, தோலுக்குப் பதில் பருத்தி நாடாவில் நெய்த பெல்ட்டும் மார்பின் இரண்டு பக்கமும் பெரிய பைகளும் வந்தன, 1937-ல் ஏற்ற மாதிரி. படத்தில் முகமே தெரியாவிட்டாலும் மார்பும் காலும் தெரிந்தால் எந்தப் போர் என்று சொல்லிவிடலாம்.

போர் ஆரம்பத்தில் ஒரு அரைக்கால் சட்டை கொடுத்தார்கள், அதைத் தைத்தவனுக்குக் கும்பிடு போட வேண்டும். பகலில் மடித்துப் பித்தான் போட்டால் அரைக்கால் சட்டை, சாயங்காலம் கொசு வரும்போது அவிழ்த்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்கும். இரண்டுக்கும் நடுவில் அது எப்படித் தொங்கினாலும் அசிங்கமாகத்தான் இருக்கும், வெள்ளைக்காரச் சிப்பாய்களே அதைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். தொடையில் உள்பக்கம் பித்தான் வரிசையோடு அகலமான அரைக்கால் சட்டை உங்கள் வீட்டில் இருந்தால் அது இதுதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இடுப்போடு நிற்கும் கம்பளிச் சட்டை ஒன்று உண்டு, பேட்டில் டிரஸ் என்பார்கள். 1937 மாதிரியில் மார்புப் பையில் ப்ளீட் என்கிற மடிப்பு இருக்கும், முன்பித்தான்கள் வெளியே தெரியாமல் ஒரு பட்டி மூடியிருக்கும். 1940 மாதிரி என்று பெயர் வைத்து 1942 வாக்கில் வந்ததில் துணியும் கூலியும் மிச்சம் பிடிக்க ப்ளீட்டை எடுத்துவிட்டார்கள், பித்தானை மூடும் பட்டியையும் எடுத்துவிட்டார்கள். தையல்காரனுக்கு இதைவிடத் தெளிவான தேதி முத்திரை வேண்டியதில்லை. நம் டெல்டா வெயிலில் அதை யாரும் ஆசைப்பட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒரு பெட்டியில் அது கிடைத்தால் இந்தியப் படைகள் இத்தாலியில் சண்டை போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். பர்மா பக்கம் போனவர்களுக்கு 1943 வாக்கில் காக்கி காட்டில் எடுப்பாகத் தெரிகிறது என்று பச்சைக்கு மாற்றினார்கள், புதுத்துணி வரும் வரை இருந்த காக்கியையே பச்சைச் சாயத்தில் முக்கிக் கொடுத்தார்கள். அப்படி முக்கிய சட்டையில் தையல் பிரிந்த இடத்தை விரித்துப் பாருங்கள், மடிப்புக்குள் சாயம் சரியாக ஏறியிருக்காது.

துணியைத் தொட்டாலே பாதி தெரியும். பழைய மினரல் காக்கி என்று ஒன்று, இரும்பும் குரோமியமும் கலந்த சாயம், வெயிலுக்கு அசையாது, ஊசியை மழுங்கடித்துவிடும். சென்னை பின்னி மில்லின் காக்கியை எங்கள் தலைமுறை தையல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், மில்லை 1996-ல் மூடிவிட்டார்கள். முதல் உலகப்போர்ச் சட்டை என்று ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், பக்கத்துத் தையலில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். அனுமதி கேட்டு அந்த நூல் துண்டைக் கிள்ளிக் கொளுத்தினேன், சுருண்டு மணியாக உருகியது. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும், கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம். உருகினால் பாலியஸ்டர். அதைக் கண்டுபிடித்ததே 1941-ல், நம் ஊர்ச் சட்டைகளில் டெரிகாட்டனாகப் புழங்க ஆரம்பித்தது அறுபது, எழுபதுகளில். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கு இருக்கிறதே, அதில் காட்டினாலும் புது நூல் பளிச்சென்று வெள்ளையாக ஒளிரும். ஆனால் பழைய துணியையே இந்தக் காலத்துச் சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தாலும் ஒளிரும், அதனால் விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஓவர்லாக் தையல் இருந்தால் புதுசு என்கிறார்கள் சிலர், அதுவும் சரியில்லை, ஓவர்லாக் மெஷின் 1880-களிலேயே வந்துவிட்டது. வெல்க்ரோ இருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். உள்ளே ஆவடி ஆடைத் தொழிற்சாலையின் முத்திரை இருந்தால் 1961-க்கு அப்புறம், அந்தத் தொழிற்சாலை தொடங்கியதே அப்போதுதான்.

நேதாஜி படை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி பக்கத்து வீடுகளில் பாதிப் பேருக்கு மலேயா, பர்மா தொடர்பு உண்டு, உண்மையிலேயே அந்தப் படையில் இருந்தவர்களும் உண்டு. எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் 1943-ல் ஜான்சி ராணி படையில் சேர்ந்தார்கள். சிக்கல் என்னவென்றால் அந்தப் படை பெரும்பாலும் போட்டிருந்தது பிரிட்டிஷ் கிடங்கில் பிடித்த காக்கித் துணியைத்தான். ஆகவே வெட்டைப் பார்த்து "இது பிரிட்டிஷ் சட்டை, நேதாஜி படை இல்லை" என்று ஒதுக்கவும் முடியாது, "காக்கி, மலேயா, ஆகவே நேதாஜி படை" என்று எழுதவும் முடியாது. சின்னமும் கையிலிருக்கும் காகிதமும்தான் பேச வேண்டும். இன்னொன்று, பாயும் புலி போட்டு ஃப்ரைஸ் இண்டியன் (சுதந்திர இந்தியா) என்று ஜெர்மன் எழுத்தில் பெயர் நெய்த கைச்சின்னத்தைச் சிலர் மலேயா தாத்தா படத்தோடு சேர்த்து ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அது ஜெர்மனியில் திரட்டிய படையின் சின்னம், சிங்கப்பூரிலோ ரங்கூனிலோ இருந்தவர் கையில் அது இருந்திருக்காது.

பட்டாளத்தைவிட நம் பக்கத்துப் பெட்டிகளில் அதிகம் கிடைப்பது ரயில்வே கோட்டு. சவுத் இண்டியன் ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில், பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்து அப்புறம் பொன்மலைக்குப் போனது, மெயின் லைன் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று நம் வாசல் வழியாக ஓடியது. வீட்டுக்கு ஒரு கார்டோ, போர்ட்டரோ, ஸ்டேஷன் மாஸ்டரோ இருந்திருக்கிறார்கள். எஸ்.ஐ.ஆர். என்று பின்னிய எழுத்துள்ள பித்தான் 1874-க்கும் 1951-க்கும் நடுவில். 1944-ல் சர்க்கார் கம்பெனியை எடுத்துக்கொண்டது, 14 ஏப்ரல் 1951 அன்று மூன்று ரயில்வேக்களைச் சேர்த்து தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். ஆனால் மறுநாள் காலையில் எல்லாரும் பித்தானை மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள், அரசாங்க ஸ்டாக் எப்படித் தீரும் என்று எனக்குத் தெரியும். எஸ்.ஆர். என்று மட்டும் இருக்கும் பித்தானில் இன்னொரு குழப்பம். இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 வரை சதர்ன் ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது. பின்புறம் திருப்பி, செய்த கம்பெனியின் பெயரையும் ஊரையும் பாருங்கள், லண்டன் என்று இருந்து எழுத்தும் வேறு தினுசாக இருந்தால் அது வேறு ஊர் ரயிலுக்கு உரியது.

காரைக்காலை விட்டுவிட முடியாது. அங்கே ஒரு வீட்டில் காக்கிச் சட்டையில் நங்கூரம் போட்ட பித்தான் இருந்தது, பேரன் "தாத்தா நேவி" என்றான். நேவி இல்லை. பிரெஞ்சுக் காலனிப் படையின் சின்னமே நங்கூரம்தான், அந்தப் படை ஒரு காலத்தில் கடற்படை இலாகாவின் கீழ் இருந்ததால் ஒட்டிக்கொண்டது, தரையில் நடந்து சண்டை போட்ட காலாட்படைக்காரர்களும் அதையே போட்டார்கள். காரைக்காலில் சொல்தா வீடு என்று இன்றும் சொல்வார்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் வீடு, அவர்களில் இந்தோசீனா வரை போனவர்கள் உண்டு. 1 நவம்பர் 1954 வரை அது பிரெஞ்சுக்காரன் ஊர். அங்கே போய் பிரிட்டிஷ் கிரீடத்தைத் தேடினால் கிடைக்காது. புதுச்சேரி, காரைக்கால் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புக் கெப்பி தொப்பியும் அந்தக் காலத்து மிச்சம்தான், ஆகவே கெப்பியை மட்டும் பார்த்து ஒரு படத்தை 1954-க்கு முன்னால் என்று எழுதிவிடாதீர்கள்.

பட்டாளமும் இல்லை, ரயிலும் இல்லை என்றால் அநேகமாகச் சர்க்கார் கச்சேரி. கலெக்டர் ஆபீஸ், முன்சீப் கோர்ட் சேவகர்கள் மார்பில் குறுக்கே போட்ட சிவப்பு டவாலியில் பித்தளை வில்லை இருக்கும். அதில் ஊர்ப்பெயரின் எழுத்தே தேதி சொல்லும். கிரீடத்தோடு டாஞ்சூர் என்றிருந்தால் வெள்ளைக்காரன் காலம். கோபுரச் சின்னம் 1949-க்கு அப்புறம். மெட்ராஸ் என்பது தமிழ்நாடு ஆனது 14 ஜனவரி 1969. மயிலாடுதுறை என்ற பெயர் 1982-ல் வந்தது, அதற்கு முன் மாயூரம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-ல், திருவாரூர் 1997-ல். போலீஸ் சட்டைக்கும் இதே கணக்குத்தான், தோளில் தமிழ்நாடு என்பதன் எழுத்து இருந்தால் 1969-க்கு முன் போகவே போகாது.

சிரிக்காமல் கேட்பதென்றால் ஒன்று சொல்கிறேன். "தாத்தா மிலிட்டரி" என்று கொண்டுவரும் படங்களில் கணிசமானவை என்.சி.சி. கும்பகோணம் காலேஜ், பூண்டி காலேஜ் என்று எடுத்த படங்கள். 1948-ல்தான் என்.சி.சி. சட்டமே வந்தது. தோள்பட்டையில் மூன்று எழுத்தைப் படித்தால் போதும். தாத்தா காலேஜில் படித்தார் என்பதும் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

படத்தில் மார்பு நாடாக்களைப் பார்த்து நிறம் சொல்கிறவர்கள் கவனிக்க: பழைய ஆர்த்தோ ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறி விழும். பர்மா ஸ்டார் நாடாவில் நடுவில் அகலச் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அதற்குள் மெல்லிய ஆரஞ்சு. படத்தில் அது தலைகீழாக, நடுவில் இருட்டாகவும் ஓரம் வெளிச்சமாகவும் தெரியலாம். அந்த மெடலே 1945-ல் அறிவித்தது, ஆகவே அந்த நாடா உள்ள படத்தை 1942 என்று எழுத முடியாது. முதல் உலகப்போர் மெடல் கையிலிருந்தால் விளிம்பைச் சுற்றிப் படியுங்கள், எண்ணும் பெயரும் படையும் பொறித்திருக்கும். வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் இருந்தால் போலி என்று நினைக்க வேண்டாம், லேபர் கார்ப்ஸில் மூட்டை தூக்கவும் ரோடு போடவும் போனவர்களுக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். அந்த வித்தியாசம் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது.

போலிகள் பெருகிவிட்டன. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வார்ப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஏமாற்றம் வரக் கூடாது. அசல் தொப்பிச் சின்னங்கள் பெரும்பாலும் தகட்டை அச்சில் வைத்து அடித்தவை, முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும். மணல் வார்ப்பில் எடுத்த போலியின் முதுகு தட்டையாகக் கனத்துக் கிடக்கும், முகத்தில் நுண்ணிய புள்ளிப் பள்ளம், எழுத்தின் மூலை மழுங்கியிருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்பது, தயவு செய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளையைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெண்களுக்கு, ஏன் ஆண்களுக்கும்தான், கை பரபரக்கும். எழுத்தும் கிரீடத்தின் வளைவும் தேய்ந்து போனபின் என்னிடம் கொண்டுவந்தால் நான் எதைப் பார்ப்பது? தேய்த்த பச்சைக் கசடு துணியில் இறங்கி அரித்துவிடும். சட்டையிலிருந்து சின்னத்தைத் தனியே பிரித்துக் காயலான் கடைக்கோ ஆன்லைன்காரனுக்கோ விற்காதீர்கள், பிரித்த பிறகு இரண்டும் ஊமை. ஐப்பசி மழையில் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும், கார்த்திகை முடிந்து வெயில் வந்ததும் நிழலில் ஒரு நாள் விரித்து ஆறவைத்துப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், மடிப்பை ஒவ்வொரு தடவையும் மாற்றி மடியுங்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த வருஷமும் படம் கேட்பீர்கள் அல்லவா, அப்போது முகத்தை மட்டும் அனுப்பச் சொல்லாமல் தோள், தொப்பி, மார்பு, கால் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் முதுகில் ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் அதையும். சட்டையே இருந்தால் கழுத்துப் பட்டியின் உள்பக்கம். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "1950-க்குப் பின்" என்று போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கடிதம் நீளம், வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டுகிற தொழில்காரன் நான், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முதல் படத்தின் திருத்தத்தை மட்டும் சின்னதாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய யூனிஃபார்ம் தையல்காரன்,
கும்பகோணம்.

பின்குறிப்பு: அதே இணைப்பில் மூன்றாம் பக்கம் கீழே "முதல் உலகப்போர், மெசபடோமியா" என்று போட்ட மூன்று பேர் படத்தில், நடுவில் நிற்பவர் கணுக்காலில் கேன்வாஸ் பட்டை, மார்பில் இரண்டு பெரிய பை. அது இரண்டாம் போர். ஊர் ஒருவேளை ஈராக்காகவே இருக்கலாம், இரண்டாம் போரிலும் நம் ஆட்கள் அங்கே போயிருக்கிறார்கள், அதனால் ஊரை விட்டுவிட்டுப் போரை மட்டும் மாற்றினால் போதும்.